ஒரு முழம் தள்ளி

குடிகாடு
14.10.2005

எழிலுக்கு அம்மா எழுதுவது.

நான் வீடு வந்து சேர்ந்தேன். சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆலப்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன். அப்புறம் உட்கார இடம் கிடைத்தது.

சொல்லாமல் வந்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஆயுத பூஜைக்கு வாம்மா, நாங்கள் செய்த ரோபோவை அன்றைக்குத்தான் முதல் முதலாக ஓட்டப்போகிறோம் என்று கூப்பிட்டாய். வந்தேன், பார்த்தேன். நண்டு என்று பேர் வைத்திருக்கிறீர்களே, அது மேசையிலிருந்து விழுந்து கை உடைந்த பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? நீங்கள் எல்லாரும் அதைச் சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கொண்டுவந்த சுண்டலை ஒருத்தரும் தொடவில்லை. கிளம்பிவிட்டேன்.

அந்த ஹாமித் பையனைத் திட்டாதே. தட்டை நீட்டினது அவன் தப்பில்லை. வாங்கினவள் தப்பு. உங்கள் சபாபதி சாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சுண்டல் கொண்டுவந்த அடுக்குத் தூக்கை அங்கேயே விட்டுவிட்டேன். மூடியில் உங்க அப்பா பேர் வெட்டியிருக்கும், அடையாளம் பார்த்து எடுத்து வை. அவர் கம்பெனிக்குக் கொண்டுபோன தூக்கு அது. யாருக்கும் இரவல் கொடுக்காதே.

தீபாவளிக்கு வேலை இருந்தால் வர வேண்டாம். லூர்துசாமி வீட்டு போனுக்கும் கூப்பிடாதே. அடுத்தவர் கூடத்தில் நின்றுகொண்டு பேச எனக்கு வாய் வராது. எழுதினால் போதும்.

அம்மா


சிதம்பரம், விடுதி
24.10.2005

அம்மா,

நீ எப்போது போனாய் என்றே எங்களுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் உன் செருப்பைக் காணோம். எங்கள் டீம் ஆரோக்கியராஜ் மழையில் கேட் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தான்.

நான் கத்தினேன், உண்மைதான். "யாரு உன்னத் தொடச் சொன்னா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். காலேஜ் விட்டதும் தினமும் உட்கார்ந்து செய்தது கண் முன்னால் விழுந்து உடைந்தால் வாயில் என்ன வருகிறது என்று தெரிவதில்லை. மன்னித்துவிடு. ஆனால் பெண் ஒரு வார்த்தை கத்தினாள் என்பதற்காக மழையில் சொல்லாமல் போகிற அம்மா உண்டா? வீட்டில் நீ என்னை எவ்வளவு திட்டியிருக்கிறாய்? நான் எந்த பஸ் ஏறினேன்?

நண்டின் கையை மறுபடி செய்கிறோம். பிப்ரவரியில் எங்கள் காலேஜிலேயே போட்டி. பாண்டிச்சேரி, சென்னை, கோயமுத்தூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ரோபோ தானாகவே சுவர்களுக்கு நடுவே போக வேண்டும், மரக்கட்டையை எடுத்துக்கொண்டு கூடையில் போட வேண்டும், சுவரில் இடிக்கக் கூடாது. சபாபதி சார் எங்களுக்கு வழிகாட்டிதான், ஆனால் ஒரு ஸ்குரூகூடத் தொட மாட்டார். "நீங்கதான உடச்சீங்க, நீங்களே ஒட்டுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். போன வருஷ டீமில் இருந்த பிரிசில்லா அக்கா சென்னையில் வேலைக்குப் போய்விட்டாலும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். அவரும் கேள்விதான் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் ஹாமித் முழிப்பதைப் பார்க்க வேண்டும் நீ.

தூக்கு பத்திரமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் தீபாவளிக்கு வருவேன். எதுவும் செய்து வைக்காதே, ரசம் போதும்.

எழில்


குடிகாடு
6.11.2005

எழில்,

தீபாவளி அன்று வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாயாம். லூர்துசாமி வீட்டுக்காரி சொன்னாள். "பெத்தவ பண்ற காரியமா இது? புள்ள பையத் தூக்கிக்கிட்டு அப்பிடியே நின்னுச்சு" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். அவள் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டாயா?

நான் வடலூர் போயிருந்தேன். சபையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே வருகிறவளை யார், என்ன, கட்டினவன் இருக்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. இலை போடுகிறார்கள், சோறு போடுகிறார்கள். இருட்டுகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். பண்டிகை நாளும் அதுவுமாக நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றுதான் போனேன். இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். நீ பூட்டைப் பார்த்து நின்றாய் என்று கேட்டபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்க அப்பா போனதிலிருந்து நான் குங்குமத்தில் கை வைத்ததில்லை. உன் சித்தப்பா கலியமூர்த்தி வீட்டு வளைகாப்பில் சித்தி என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா, நீ செத்த உள்ளாற இரேன். நலங்கு முடிஞ்சதும் கூப்புடறேன்" என்றாள். உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அதெல்லாம் பழகிவிட்டது.

உங்கள் பட்டறையில் அந்தப் பையன் ஓடிவந்து தட்டை நீட்டினான். "அம்மா, இங்க நீங்கதான் பெரியவங்க. நீங்க வைங்க" என்றான். ஒன்றும் தெரியாத முகம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தட்டில் சந்தனத்தைக் குழைத்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் குங்குமம். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எம்மவ செய்த பொருளுக்கு நான் ஒரு பொட்டு வைத்தால்தான் என்ன என்று ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான் எழில், ஆசை.

நீ பின்பக்கம் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் ரெண்டு கண் மாதிரி பளபளவென்று இருந்தது. அதன் மேலேயே நிறையச் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தேன்.

சுவிட்சைப் போட்டீர்கள். நான் நேர் எதிரே நிற்கிறேன். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பின்னால் போனது. ஏதோ ஆகிவிட்டதோ என்று நான் ஒரு எட்டு கிட்டே வைத்தேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. போய் விழுந்தது. அப்போதுதான் நீ கேட்டாய், யாரு உன்னத் தொடச் சொன்னா என்று.

மனுஷர் ஒதுக்கினால் தாங்கிக்கொள்ளலாம். உயிர் இல்லாத இரும்புக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

நீ நல்லபடியாகச் செய். ஜெயித்து வா. எதையும் ஆரம்பிக்கிற இடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.

அம்மா


சிதம்பரம், விடுதி
20.11.2005

அம்மா, அம்மா,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஹாஸ்டல் ஆயா வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அது உன்னைப் பார்த்துப் போகவில்லை. அது உன்னைப் பார்க்கவே இல்லை.

நீ நினைத்தது சரிதான், அந்த இரண்டும் அதற்குக் கண்தான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை முன்னால் அனுப்பும். எதிரில் இருப்பதில் பட்டு அது திரும்பி வந்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளும். ஒரு முழம் தள்ளி இருந்தால் நிற்கும். மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தால், ஐயோ இடித்துவிடுவோம் என்று பின்னால் போகும். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். நீ அதன் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிவிட்டாய். முகத்தோடு ஒரு சுவர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்து அது பின்னால் ஓடியது. சித்தி வைத்திருந்தாலும் ஓடியிருக்கும். கோயில் அய்யர் வைத்திருந்தாலும் ஓடியிருக்கும்.

அன்றைக்கே எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். கண்ணை யாரு தொடச் சொன்னா என்பதுதான் என் மனதில் இருந்தது. அந்த வார்த்தை உனக்கு எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நான் சொன்னால் மட்டும் நீ நம்ப மாட்டாய். அதனால் நேற்று ஒரு காரியம் செய்தோம். பிரிசில்லா அக்காவுக்குப் போன மாதம்தான் நிச்சயம் ஆகியிருக்கிறது. மோதிரம் போட்ட அந்தக் கையாலேயே நண்டின் கண்ணில் சந்தனம் வைக்கச் சொன்னோம். "ஏன்டி, என் கல்யாணத்துக்கு முன்னாடி என்னை வெச்சு சோதனை பண்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தார். சுவிட்சைப் போட்டதும் அன்றைக்குப் போலவே பின்னால் ஓடியது. இந்தத் தடவை ஹாமித் தயாராகத் தலையணையோடு நின்று பிடித்துக்கொண்டான்.

ஹாமித்திடம் கொஞ்சம் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை. அவன் சொன்னான்: "எங்க வாப்பா மவுத்தானதுலேர்ந்து பரங்கிப்பேட்டைல எங்க கடைய உம்மாதான் காலைல தெறக்குறாங்க. அவுங்க கை படாம ஒரு நாளும் ஷட்டர் தூக்குனதில்ல. அதான் அம்மாகிட்ட குடுத்தேன். தப்பாப் போச்சா எழில்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே எழுது.

எழில்


குடிகாடு
9.12.2005

எழிலுக்கு,

ஹாமித்திடம் தப்பாகப் போகவில்லை என்று சொல். அவன் உம்மாவின் பெயர் என்ன? அவர்களை நான் விசாரித்ததாகவும் சொல்.

பிரிசில்லா பெண் கையால் வைத்துப் பார்த்தீர்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, தனியா சிரிக்கிற?" என்றாள். பேரிலேயே நண்டு, அது நேராகப் போனால்தான் அதிசயம் என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ சொன்னது எனக்கு விளங்குகிறது. சந்தனம்தான் காரணம். மனசு ஒப்புக்கொள்கிறது. ஆனால் கால் வரமாட்டேன் என்கிறது. நாலு பேர் நிற்கிற இடத்தில் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே உள்ளே போய் வெங்காயம் உரிக்கலாமா என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று சொல்கிறேன். கம்பெனியில் ரெண்டு மணிச் சங்கு ஊதினால் இன்னமும் எழுந்து வெந்நீர் போடப் போகிறேன். பானையைத் தூக்கின பிறகுதான் நினைவு வரும். உங்க அப்பா ஷிப்டு முடிந்து வந்தால் வாசலைத் தாண்டி உள்ளே வருவார், எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிடுவார். உடம்பெல்லாம் கம்பெனி ரசாயன மருந்து வாடை. "கிட்ட வராத லோகு, குளிச்சிட்டு வர்றேன்" என்பார். தூக்கை மட்டும் கையை நீட்டிக் கொடுப்பார். ஆனால் உடனே குளிக்கப் போக மாட்டார். அந்த ஒரு முழத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "என்ன பாக்கறீங்க, தண்ணி ஆறுது" என்று நான் விரட்ட வேண்டும்.

பொட்டு போனது பெரிதில்லை எழில். இத்தனை பேர் போகிறார்கள், வருகிறார்கள். எனக்கு எதிரே வந்து நிற்க ஆள் இல்லை. ஒன்று, ஒதுங்கிப் போகிறார்கள். இல்லாவிட்டால் பாவம் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அப்படி நின்று பார்க்க யாரும் இல்லை.

மழை ஜாஸ்தியாக இருக்கிறது. ஈரத் தலையோடு பட்டறைக்குப் போகாதே. தூக்கை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பு.

அம்மா


சிதம்பரம், விடுதி
12.2.2006

அம்மா,

பொங்கலுக்கு வந்தபோது நீ நன்றாகத்தான் பேசினாய். போட்டி என்று நான் வாயைத் திறந்தால் மட்டும் கரும்பு வெட்டப் போனாய், மாட்டைப் பார்க்கப் போனாய். நமக்கு மாடே கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ எழுந்து போக முடியாது.

போட்டி 25ஆம் தேதி சனிக்கிழமை காலையில். முதல் பஸ்ஸில் ஏறினால் போதும், ஆரோக்கியராஜ் பஸ் ஸ்டாண்டில் நிற்பான்.

உன் விஷயத்தைச் சபாபதி சாரிடம் நானே சொன்னேன். அவர் பரிதாபப்படவில்லை, எங்களைத்தான் பிடித்துக்கொண்டார். "மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு மெஷின் செய்யறீங்க. பொட்டு வைக்க எடம் விடாம செஞ்சது யாரு தப்பு? அந்தம்மா தப்பா, உங்க தப்பா?" என்று கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் நண்டுக்கு இப்போது நெற்றி வைத்திருக்கிறோம். கண்ணுக்கு மேலே, சந்தனம் எவ்வளவு வைத்தாலும் கண்ணில் வழியாதபடி. எதைக் கொண்டு செய்தோம் என்று சொல்ல மாட்டேன். தூக்கையும் இப்போதைக்குத் தர மாட்டேன், கேட்காதே.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அந்த நெற்றியில் நீதான் வைக்க வேண்டும். நீ வராவிட்டால் வேறு யாரும் வைக்க மாட்டோம், வெறும் நெற்றியோடு ஓடட்டும். இது உன்னைப் பயமுறுத்த இல்லை. அந்த இடம் உனக்காகச் செய்தது, அவ்வளவுதான்.

ஹாமித்தின் உம்மா பெயர் ஆசியா உம்மாள். அவர்களும் உன்னை விசாரித்தார்கள். போட்டியன்று கடையைத் திறந்துவைத்துவிட்டு வருகிறார்களாம், உன் பக்கத்தில் உட்கார.

வருவாயா அம்மா?

எழில்


குடிகாடு
28.2.2006

எழிலுக்கு அம்மா எழுதுவது.

முதலில் கப்பு கிடைக்காத விஷயம். கட்டை கூடைக்குப் பக்கத்தில் விழுந்ததற்கு ஆரோக்கியராஜ் இன்னும் சாப்பிடாமல் இருக்கிறானா? சாப்பிடச் சொல். அவன் செய்த கைதானே அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனது. கடைசி நேரத்தில் கை நடுங்குவது மனுஷனுக்கும் உண்டு.

நீ பார்க்காத ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்ப்பதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தே வந்துவிட்டேன். உங்கள் ஹாலுக்குள்ளேயும் வந்தேன். பின்னால் தண்ணீர் டிரம் வைத்திருந்தார்களே, அதன் ஓரமாக நின்றேன். நீங்கள் தரையில் நண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஹாமித் தட்டைப் பிடித்தபடியே நின்றான். நீ வாசலையே பார்த்தாய். நான் வாசலில் இல்லை.

மைக்கில் உங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். பார்த்தாயிற்று, போதும், போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது நீ நண்டைத் தூக்கினாய். அதன் நெற்றியில் வெளிச்சம் பட்டது. எழுத்து அங்கிருந்து தெரியாது. எனக்கு எழுத்து வேண்டாம். ஓரத்தில் இருக்கிற நசுங்கலே போதும். நீ நடை பழகும்போது கீழே போட்டு நசுக்கினது. தூக்கின் மூடி.

அப்புறம்தான் நான் முன்னால் வந்தது. எப்படி வந்தேன் என்று கேட்டால் தெரியாது. "அடப் பாவிங்களா, மூடியில ஓட்ட போட்டுட்டீங்களே" என்று நான் சொன்னதும் நீங்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தீர்களே, அது ஒன்றுதான் காதில் விழுந்தது. ஆசியா உம்மாள் என் முதுகில் கை வைத்து, "வைங்கக்கா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார்கள். க. தங்கராசு, குடிகாடு என்று வெட்டியிருக்கிற இடத்தில் சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமத்தை வைத்தேன். என் நெற்றிக்கு வேண்டாம் என்று சொன்ன குங்குமம், அவர் பேர் மேலே நன்றாகத்தான் இருந்தது.

நேற்று ரெண்டு மணிச் சங்கு ஊதியது. எழுந்து வெந்நீர் போடப் போனேன். பானையைத் தூக்கின பிறகு நினைவு வந்தது. நினைவு வந்தால் வரட்டும் என்று வெந்நீரைப் போட்டு, ஆறுவதற்குள் நானே குளித்தேன்.

மூடியை நண்டே வைத்துக்கொள்ளட்டும். மற்ற அடுக்குகளை நீ வரும்போது கொண்டுவா. வேறு மூடி பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீ அதைத் தரையில் விட்டு, சுவிட்சைப் போட்டாய். நான் எதிரிலேயே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் வருகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. திறந்து பார்த்தால் ஒரு முழம் தள்ளி நிற்கிறது, நெற்றியில் உங்க அப்பா பேரோடு. என்னைப் பார்த்துக்கொண்டு.

"அம்மா, நகருங்க. நீங்க நின்னா அது போவாது" என்று ஹாமித் சொன்னான். நீயும் சொன்னாய். மைக்கில் இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய், வந்து என் கையைப் பிடித்தாய். பயம் இல்லை எழில். வழக்கமாக நான்தான் விரட்டுவேன். அன்றைக்கு விரட்ட மனசு வரவில்லை.

அம்மா